பருத்தித்துறைக் கருமபீடமும் கொழும்பின் கணினி மேகமும்

"சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வந்து பாருங்கள்." அரச அலுவலகங்களின் கருமபீடங்களில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிவிட்ட பதில் இது. பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கோ கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கோ பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றைப் பெறுவதற்காக, வடமராட்சியின் ஏதோவொரு கிராமத்திலிருந்து காலை பஸ் ஏறிப் பருத்தித்துறைக்கு வருபவர், அன்றைய கூலியையும் இழந்து வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றார். கருமபீடத்தில் இருக்கும் உத்தியோகத்தர் மீது அவருக்குக் கோபம் ஏற்படுவது இயல்பே. ஆனால் அந்த உத்தியோகத்தரிடமோ அவரது மேசையில் இருக்கும் கணினியிடமோ பெரும்பாலும் குறை எதுவும் இருப்பதில்லை. பழுது ஏற்பட்டிருப்பது ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பிலிருந்து நிர்வகிக்கப்படும் ஒரு கணினிக் கட்டமைப்பில் ஆகும்.

'லங்கா கவர்மன்ட் கிளவுட்' என்று அழைக்கப்படும் அரசாங்க மேகக் கணினிக் கட்டமைப்பே அது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தினால் உருவாக்கப்பட்ட இக்கட்டமைப்பில் 2025 ஒக்டோபர் மாதத்தில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டபோது, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை வழங்கும் சேவை உட்பட அரச நிறுவனங்கள் பலவற்றின் இணையச் சேவைகள் ஒரே நேரத்தில் தடைப்பட்டன. ஒரு திணைக்களத்தின் கணினி பழுதடைந்தால் அத்திணைக்களத்தின் வேலை மாத்திரம் நின்றுபோன காலம் கடந்துவிட்டது. இன்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றனர். கூரை ஒழுகினால் எல்லோரும் நனையத்தான் வேண்டும்.

இக்கூரையை யார், எப்போது, எவ்வாறு புதுப்பிக்கின்றார்கள் என்பது கணினிப் பொறியியலாளர்களின் உள்வீட்டு விவகாரம் என்று எண்ணி நாம் வாளாவிருக்க முடியாது. வடக்கின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு அது குறிப்பாகப் பொருந்தும். ஆவணம் ஒன்று அழிந்தால் என்ன நேரும் என்பதை எமது மக்களைவிட நன்கறிந்தவர்கள் இந்நாட்டில் மிகச் சிலரே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் மீள அச்சிடக்கூடிய நூல்கள் பின்னர் வாங்கப்பட்டன; ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகள் திரும்பி வரவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்துடன் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் கைவிட்டுச் சென்ற குடும்பங்கள் ஏராளம். 1995 இல் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் இடம்பெயர்ந்தவர்களின் கதையும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வடமராட்சிக் கரையோரத்தில் கடல் அள்ளிச் சென்றவற்றின் கதையும் அவ்வாறானவையே.

இப்பின்னணியில் பதிவேடுகள் கணினிமயப்படுத்தப்பட்டமை எமக்கு வெறும் வசதி மாத்திரமல்ல. முன்னர் பதிவு நடைபெற்ற பிரிவின் அலுவலகத்துக்கே சென்று சான்றிதழ்ப் பிரதியைப் பெற வேண்டியிருந்தது. பழைய பதிவேடுகள் படமெடுக்கப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டதன் பயனாக, யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வாழும் ஒருவர் தாம் வாழும் இடத்துப் பிரதேச செயலகத்திலேயே தமது பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற வழி பிறந்தது. கொழும்பிலோ வவுனியாவிலோ குடியேறிவிட்ட பருத்தித்துறைவாசிக்கும் இதே பயன் கிட்டியது. கடதாசியை இழந்த மக்களுக்குக் கணினி ஓர் இரண்டாவது வாய்ப்பைத் தந்துள்ளது. அந்தக் கணினியும் கைவிட்டால் அவர்கள் எங்கு செல்வது என்பதே எமது கேள்வி.

மேகக் கணிமை என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். முன்னைய நாட்களில் ஒவ்வொரு திணைக்களமும் தனக்கென ஒரு சேவையகத்தை, அதாவது 'சேர்வரை', வாங்கி ஓர் அறையில் குளிரூட்டி வைத்திருந்தது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. மேகக் கணிமையில் பல சேவையகங்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரு பொதுக் களஞ்சியமாக்கப்படுகின்றன. அக்களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு திணைக்களத்துக்கும் தேவையான அளவு மென்பொருளின் உதவியுடன் பகுத்து வழங்கப்படுகின்றது. இவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் தனியொரு கணினி போலவே நடந்துகொள்ளும். அதனை மெய்நிகர் கணினி என்பர். இக்களஞ்சியத்தை அமேசன், கூகுள் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்கும் பெறலாம். ஒரு நிறுவனமோ அரசாங்கமோ தனது சொந்தப் பாவனைக்கென்று தானே அமைத்துக்கொள்ளவும் முடியும். பின்னையதனை ஆங்கிலத்தில் 'பிரைவேட் கிளவுட்' என்கின்றனர். 'தனியார் மேகம்' என்று அதனைத் தமிழ்ப்படுத்துவோரும் உளர். தனியார் துறைக்கும் இதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதனால் நாம் 'தனிமேகம்' என்றே குறிப்பிடுவோம்.

வாடகை மேகத்துக்கும் தனிமேகத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வாடகை வீட்டின் கூரையைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. சொந்த வீட்டின் கூரையை நாமே திருத்த வேண்டும். எமது பிரஜைகளின் தகவல்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் களஞ்சியத்தில் கிடக்காமல் நாட்டுக்குள்ளேயே இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த நன்மைக்குரிய விலை, கட்டமைப்பின் ஒவ்வோர் அடுக்கையும் காலந்தவறாது நாமே தரமுயர்த்தி வருவதாகும்.

அடுக்குகள் என்று நாம் கூறுவது காரணத்துடன்தான். அடியில் இயந்திரங்களும் வலையமைப்புச் சாதனங்களும் சேமிப்பகங்களும் உள்ளன. அவற்றின் மேல் மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் மென்பொருள், அதற்கும் மேல் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி, அதன் மேல் இயங்குதளங்கள், தரவுத்தளங்கள், உச்சியில் மக்கள் காணும் சேவைகள் என்றவாறு இது அமைந்துள்ளது. ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு உற்பத்தியாளரிடமிருந்து வருவது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அந்நாள் கடந்ததும் உற்பத்தியாளர் குறைகளைத் திருத்தித் தருவதை நிறுத்திவிடுவார். இயந்திரம் வழமைபோல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு மாத்திரம் எவரும் இருக்கமாட்டார்கள்.

இது எத்தகைய விளைவைத் தரும் என்பதை இலங்கை 2023 ஆம் ஆண்டிலேயே கண்டுகொண்டது. அவ்வருடம் ஒகஸ்ட் மாதம் அரசாங்க மேகக் கட்டமைப்பில் இயங்கிவந்த மின்னஞ்சல் சேவை மீது 'ரான்சம்வெயார்' எனப்படும் கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நடத்தப்பட்டது. கோப்புகளைத் திறக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, திறப்புக்குப் பணம் கேட்பது இத்தீநிரலின் வழி. கப்பம் என்ற சொல்லுக்கு எமது மக்களிடம் மேலதிக விளக்கம் தேவையில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 இதனால் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. சேவை 12 மணித்தியாலங்களுக்குள் மீளத் தொடக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட போதிலும், 2023 மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பாதிக்கப்பட்ட அலுவலகங்களின் மூன்று மாதங்களுக்கும் மேலான கடிதப் போக்குவரத்து மறைந்துபோனது.

தாக்குதலைவிட அதற்கு முந்திய வரலாறே எமது கவனத்துக்குரியது. முகவர் நிலையத்தின் தலைமை அதிகாரி அப்போது வெளிப்படையாகவே தெரிவித்த விபரங்களின்படி, 2007 இல் இக்கட்டமைப்பு ஆரம்பிக்கப்பட்டபோது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பு பயன்படுத்தப்பட்டது. 2014 இல் அது 2013 ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தரமுயர்த்தப்பட்டது. அதன் பின்னர் தாக்குதல் நடைபெறும்வரை அப்பதிப்பே பாவனையில் இருந்தது. 2021 முதல் தரமுயர்த்தும் திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களும் அதனைத் தாமதப்படுத்தின.

இதில் ஒரு திகதியைக் கவனியுங்கள். எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. இது திடீர் அறிவிப்பு அல்ல. பல வருடங்களுக்கு முன்னரே நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்த நாள். இழந்துபோன மின்னஞ்சல்களின் காலப்பகுதி அந்நாளிலிருந்து 36 நாட்களின் பின் தொடங்குகின்றது. சந்தேகத்துக்குரிய இணைப்புகளைக் கொண்ட மின்னஞ்சல்கள் சில வாரங்களாக வந்துகொண்டிருந்ததாகப் பாவனையாளர் ஒருவர் பின்னர் தெரிவித்திருந்தார். ஆகவே பழைய பதிப்புத்தான் ஒரே காரணம் என நாம் அடித்துக் கூறவில்லை. எனினும் பூட்டுப் பழுதான வீட்டில் திருட்டு நடந்தால், திருடன் யன்னலால் வந்தானா வாசலால் வந்தானா என்ற ஆராய்ச்சி வீட்டுக்காரருக்கு அதிகம் ஆறுதல் தராது.

நிதிப் பற்றாக்குறை என்ற விளக்கத்தை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதையே இடைநிறுத்தியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத வேளையில் மென்பொருளுக்குப் பணம் கேட்கும் கோப்பு திறைசேரியில் எந்த அடுக்கில் கிடந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். ஆயினும் தரமுயர்த்தலை ஒத்திவைப்பதால் பணம் மிச்சமாகின்றது என்ற எண்ணத்தை நாம் ஏற்கவில்லை. அது கடன், வட்டியும் உண்டு. பதிப்புகள் பின்தங்கப் பின்தங்க, முன்னேறிச் செல்லும் பாதை நீண்டு செல்கின்றது. எக்ஸ்சேஞ்ச் மென்பொருளையே எடுத்துக்கொண்டால், 2003 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2013 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு நேரடியாகத் தாவ முடியாது. இடையில் வேறொரு பதிப்பில் கால் வைத்தே செல்ல வேண்டும். அதாவது ஒருமுறை செய்திருக்க வேண்டிய வேலை இருமுறை செய்யப்பட வேண்டும். தொடர்ந்து வெளிவந்த 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்டது. ஒருமுறை செய்து முடித்துவிட்டு ஆறுதலாக அமரக்கூடிய வேலை அல்ல இது.

பருத்தித்துறை முனையிலும் கொட்டடியிலும் வாழும் கடற்றொழிலாளரிடம் இதனை விளக்கப் பொறியியலாளர் தேவையில்லை. வாடைக் காற்றும் மாரியும் கடலைக் கொந்தளிக்க வைக்கும் நாட்களில் வள்ளங்கள் கரையேற்றப்பட்டு, அடிப்பகுதி பார்க்கப்பட்டு, வெடிப்புகள் பூசப்பட்டு, இயந்திரம் கழற்றிப் பூட்டப்படுகின்றது. அதற்கான காலமும் செலவும் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன. நல்ல பாடு கிடைக்கும் நாளில் எவரும் வள்ளத்தைக் கரையேற்றிப் பூசுவதில்லை. பூசாமலே தொடர்ந்து கடலுக்குச் செல்வதுமில்லை.

தனிமேகத்தைத் தரமுயர்த்துவதில் உள்ள சூட்சுமமும் இதுவே. பத்துச் சேவையகங்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றில் இயங்கும் மெய்நிகர் கணினிகளை, இயக்கம் நிற்காமலே ஏனைய ஒன்பதுக்கும் நகர்த்திவிடலாம். வெறுமையாகிய சேவையகத்தில் புதிய பதிப்பை நிறுவி, சோதித்து, மீண்டும் வேலைக்குச் சேர்த்த பின்னர் அடுத்ததைக் 'கரையேற்றலாம்'. இவ்வாறு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனால், பருத்தித்துறைக் கருமபீடத்தில் நிற்பவருக்கு வேலை நடப்பதே தெரியாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பத்து வள்ளங்களும் முழுப் பாரத்துடன் கடலில் இருந்தால் ஒன்றையும் கரையேற்ற முடியாது. எனவே மிகை ஆற்றல் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கணக்காய்வாளரின் கண்ணுக்கு இது வீண் செலவாகத் தோன்றக்கூடும். பயன்படாமல் நிற்பதாகக் கருதப்படும் அந்த ஒரு சேவையகம்தான் தரமுயர்த்தலைப் பகலிலேயே நடத்த உதவுகின்றது.

ஒழுங்குமுறையும் முக்கியமானது. பொதுவாக முதலில் தரமுயர்த்தப்பட வேண்டியது கட்டுப்பாட்டுப் பகுதி. சேவையகங்கள் அதன் பின்னரே. புதிய கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பழைய சேவையகங்களுடன் சிறிது காலம் பேசத் தெரியும். பழைய கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் புதிய சேவையகங்களின் மொழி விளங்காமற் போகலாம். இதற்கு முன்பாகவே, தற்போது இருப்பவை எவை, எந்தப் பதிப்பு, எந்த இயந்திரம், எந்தத் திணைக்களத்தின் எந்தச் சேவை எதில் தங்கியுள்ளது என்ற முழுமையான இருப்புப் பட்டியல் தயாராக இருத்தல் வேண்டும். இது சலிப்பூட்டும் வேலை, பாராட்டும் கிடைக்காது. ஆனால் புதிய பதிப்புகள் பழைய செயலிகளை ஏற்காது விடுவதும், எவரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய சேவை முக்கியமான இன்னொன்றைத் தாங்கிக்கொண்டிருப்பதும் பட்டியல் இல்லாத இடங்களில் நள்ளிரவிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றன.

அடுத்தது திரும்பும் வழி. தரமுயர்த்தல் தோல்வியுற்றால் பழைய நிலைக்கு மீளலாம் என்று திட்டங்களில் எழுதப்படுவதுண்டு. எல்லாக் கட்டங்களிலும் அது உண்மையல்ல. மென்பொருளை மாற்றி எழுதலாம். ஆனால் தரவுத்தளத்தின் அமைப்பே புதிய வடிவுக்கு மாற்றப்பட்ட பின்னர், மக்கள் அதில் புதிய பதிவுகளைச் செய்யத் தொடங்கிவிட்டால், பின்னோக்கிச் செல்வது அப்பதிவுகளை இழப்பதாகும். எந்த நிமிடத்துக்குப் பின் திரும்ப முடியாது, அந்நிமிடத்தில் 'தொடர்க' அல்லது 'நிறுத்துக' என்று சொல்லும் அதிகாரம் யாருக்குரியது என்பன முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர் அவ்வேளையில் தொலைபேசிக்கு அகப்பட வேண்டும் என்பதும் அவ்வளவு அற்பமான விடயமல்ல.

இவற்றை அலட்சியம் செய்தவர்கள் வறிய நாட்டினர் மாத்திரமல்லர். பிரித்தானியாவின் ரீ.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரல் மாதத்தில் வார இறுதி ஒன்றில் 50 இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணினித் தளத்துக்கு ஒரே வீச்சில் மாற்றியது. திங்கட்கிழமைக்குள் வங்கி தடுமாறியது. சுமார் 19 இலட்சம் பேர் தமது கணக்குகளைப் பார்க்க முடியாது தவித்தனர். நிலைமை முழுமையாக வழமைக்குத் திரும்ப அவ்வருட டிசம்பர் வரை சென்றது. புதிய தளத்துக்கு இரண்டு தரவு நிலையங்கள் இருந்தும் ஒன்றில் மாத்திரமே சோதனை நடத்தப்பட்டிருந்தமை சுயாதீன விசாரணையில் வெளிவந்தது. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. ஒத்திகை பார்க்காமல் அரங்கேறிய கூத்துக்கு இவ்வளவு விலை!

தென்கொரியாவின் அனுபவம் இதனினும் கசப்பானது. உலகிலேயே மிக முன்னேறிய மின் ஆளுகையைக் கொண்ட நாடுகளுள் ஒன்று அது. டேஜொன் நகரில் உள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில், தீ அபாயத்தைக் குறைக்கும் நோக்குடன், லித்தியம் மின்கலங்களைச் சேவையகங்களின் அருகிலிருந்து அகற்றி அடித்தளத்துக்கு மாற்றும் பணி நடைபெற்றுக்கொண்டிருந்தது. 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி அப்பணியின்போதே தீ மூண்டது. முதலில் 647 அரச கணினிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜீ டிரைவ்' என்னும் மேகச் சேமிப்பகம் முற்றாக அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தகவல்களுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அளவு பெரிதாக இருந்தமையால் பிரதி எடுக்கப்படவில்லை என்பது தரப்பட்ட விளக்கம். யாழ்ப்பாண நூலகத்தின் ஏட்டுச் சுவடிகளை நினைவில் வைத்திருக்கும் எமக்கு, ஒரே பிரதி என்பதன் பொருளை அந்நாட்டினர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் தனிமேகம் கூகுள் நிறுவனத்தின் தரவு நிலையங்களில் இயங்கிவந்தது. அமைக்கப்பட்ட வேளையில் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டதனால், அதன் ஆயுள் ஒரு வருடம் எனத் தானாகவே பதிவாகியிருந்தது. 2024 மே மாதத்தில் தவணை முடிந்ததும் முழுத் தனிமேகமும் எச்சரிக்கையின்றி அழிக்கப்பட்டது. ஆயினும் அந்நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதிகளை வைத்திருந்தமையால், இரு வாரங்களுக்குள் மீண்டெழ முடிந்தது. ஓய்வூதியக்காரர் எவரும் தமது கணக்கை இழக்கவில்லை.

காப்புப் பிரதி தொடர்பில் துறைசார்ந்தோர் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்றுண்டு. மூன்று பிரதிகள், இரு வகையான ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். அதனுடன் இன்னொன்றையும் நாம் சேர்க்க விரும்புகின்றோம். ஒரு பிரதியாவது வலையமைப்பில் இருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும். 2023 தாக்குதலின் பின்னர் நாளாந்தம் இணைப்பற்ற காப்புப் பிரதி எடுக்கும் நடைமுறை ஏற்படுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் பிரதி எடுக்கப்பட்டது என்பது வேறு. அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தாயிற்று என்பது வேறு. தரமுயர்த்தல் ஒன்றுக்கு முன்னர் வெற்றுச் சேவையகம் ஒன்றில் பிரதியை ஏற்றி, பருத்தித்துறைப் பதிவாளர் பிரிவின் ஏதாவது ஒரு பழைய பதிவு சரியாகத் திறக்கின்றதா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா என்று ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் என்பதை நாம் காரணத்துடனேயே குறிப்பிடுகின்றோம். எழுத்துரு மாற்றத்தின்போது பெயர்கள் பெட்டிகளாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறிய அனுபவம் தமிழ்க் கணினிப் பாவனையாளர் எவருக்கும் புதிதல்ல. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாத்திரம் சோதித்துவிட்டு வெற்றி என அறிவிக்கப்படும் தரமுயர்த்தல் எமக்குப் பாதி வெற்றியும் ஆகாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிமேகங்களுக்கு உலகெங்கும் அதிகமாகப் பயன்படுத்தப்பட்டுவந்த வீ.எம்.வெயார் மென்பொருளை 2023 நவம்பரில் புரோட்கொம் நிறுவனம் கொள்வனவு செய்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை கட்டாயமாக்கப்பட்டது. ஒருமுறை வாங்கினால் போதும் என்ற கணக்கில் திட்டமிட்டிருந்த நிறுவனங்கள் பல திகைத்துப்போயின. மாற்றாக, நாசாவும் ரக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010 இல் தொடக்கிவைத்த ஓபன்ஸ்டக் என்னும் திறந்த மூல மென்பொருள் உள்ளது. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடம் 2013 முதல் தனது தனிமேகத்தை அதிலேயே நடத்திவருகின்றது. உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் வருடத்துக்கு இரு பதிப்புகள் வெளிவரும். நிறுவனங்கள் மூச்சுவாங்க முடியாமல் திணறியதனால், 2023 முதல் ஒன்றுவிட்டு ஒரு பதிப்பாக, வருடத்துக்கு ஒருமுறை தரமுயர்த்தவும் வழி செய்யப்பட்டுள்ளது. இங்கு பணத்துக்குப் பதிலாகத் தேவைப்படுவது ஆட்கள். நெருக்கடியின் பின்னர் கணினித் துறையினர் எத்தனை பேர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பதைக் கருதும்போது, இலவச மென்பொருளும் இலவசமாகக் கிடைத்துவிடுவதில்லை என்பது புலனாகும்.

ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் புதிய செயலிகளின் திறப்பு விழாக்களுக்கு ஒதுக்கப்படுவதைப் போன்று, பழையனவற்றின் பராமரிப்புக்கும் தனியான, வெட்ட முடியாத ஒதுக்கீடு தேவை. 2025 பெப்ரவரியில் கவ்பே என்னும் இணையக் கொடுப்பனவுத் தளம் ஆரம்பிக்கப்பட்டது. இந்தியாவின் நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படுகின்றது. மேலே ஏற்றப்படும் பாரம் கூடிக்கொண்டே செல்கின்றது. கட்டமைப்பில் உள்ள ஒவ்வொரு மென்பொருளினதும் ஆதரவு முடிவடையும் திகதியைப் பாராளுமன்றத்தில் வருடந்தோறும் சமர்ப்பிப்பதில் என்ன தடை இருக்க முடியும்? ஓட்டைகளின் விபரத்தை வெளியிடுமாறு நாம் கேட்கவில்லை. எந்த நாளுக்கு முன்னர் எவ்வளவு பணம் தேவை என்பதைத் திறைசேரி அறியவில்லை என்று பின்னர் எவரும் கூற முடியாதிருக்க வேண்டும் என்பதே எமது நோக்கம்.

கருமபீடத்தின் இப்பக்கம் நிற்பவர்களுக்கும் சில உரிமைகள் உள்ளன. திட்டமிடப்பட்ட தரமுயர்த்தல் என்றால் நாளும் நேரமும் ஒரு வாரத்துக்கு முன்னராவது தெரிந்திருக்கும். அவ்வறிவித்தல் தமிழிலும் பிரதேச செயலக வாசலிலும் கிராம அலுவலரிடமும் பள்ளிவாசல், கோயில் அறிவித்தல் பலகைகளிலும் இருக்குமானால், மணற்காட்டிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வருபவர் வீணாகப் பஸ் ஏறமாட்டார். பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்திலும், பாடசாலை அனுமதிக் காலத்திலும், புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ள நாட்களிலும் கட்டமைப்பில் எவரும் கைவைக்கலாகாது. நள்ளிரவு என்பது அலுவலகங்களுக்கு வசதியான நேரம். மந்திகையில் உள்ள ஆதார வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு நள்ளிரவு என ஒன்று இல்லை. அவை சார்ந்த சேவைகளுக்குத் தனியான ஏற்பாடு தேவை.

கணினி நிற்கும் மணித்தியாலங்களில் கருமபீடம் என்ன செய்ய வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும். விண்ணப்பத்தைக் கையால் பதிந்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, கட்டமைப்பு மீண்டதும் வந்த வரிசைப்படியே பிரதியைத் தயாரித்து, விண்ணப்பதாரருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் அவசியமில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, இவ்வாறு செய்யலாம் என்று கொழும்பிலிருந்து வரும் ஒரு சுற்றுநிருபம் ஆகியன போதுமானவை. முதலிரண்டும் பருத்தித்துறைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.